சும்மா இருக்க ஆறு பேர்

முதல் சனிக்கிழமை, மாலை ஆறே முக்கால். எங்கள் வீட்டு மாடி அறையில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவில் ஒரு மணைப்பலகை, அதன்மேல் ஒரு மெழுகுவர்த்தி வைத்திருந்தேன். மௌன ஜெபம். இருபது நிமிடம் யாரும் வாய் திறக்கக்கூடாது, அவ்வளவுதான் ஏற்பாடு. சிஸ்டர் ஓர் எவர்சில்வர் தம்ளரை ஸ்பூனால் ஒரு தட்டுத் தட்டினார். கண்ணை மூடினோம்.

பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது. டியூப்லைட்டுக்குப் பின்னால் பல்லி கத்தியது. நாலாவது நிமிடத்தில் பொன்மலை அண்ணன் "ஸ்தோத்திரம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த அமைதியில் அது மைக்கில் சொன்னதுபோல விழுந்தது. தம்பி சிரிப்பை அடக்கப் பார்த்தான், அது மூக்கு வழியாக வந்தது. ஏழாவது நிமிடத்தில் மறுபடியும், "ஸ்தோத்திரம் ஆண்டவரே." பன்னிரண்டாவது நிமிடத்தில் யாரோ குறட்டை விட்டார்கள். அது நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

எல்லாரும் போன பிறகு டீ தம்ளர்களை அடுக்கிக்கொண்டே என் மனைவி கேட்டாள்: "ஏங்க, பேசாம இருக்கறதுக்கு எதுக்கு ஆறு பேர் கூடணும்? அவங்கவங்க வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டுச் சும்மா இருக்கலாமே. பெட்ரோல் மிச்சம்."

இரண்டு வருடமாக இந்தக் கேள்வியோடுதான் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறேன். வேதாகமமே அவள் பக்கம்தான் இருக்கிறது. "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" ஜெபம்பண்ணு என்றுதானே மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார்? கூட்டம் சேர்க்கச் சொல்லவில்லையே.

எங்கள் ஆறு பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொன்மலை அண்ணன் ரயில்வே பணிமனையில் ஓய்வு பெற்றவர். எந்த வீட்டில் ஜெபக்கூட்டம் என்றாலும் முன்வரிசை. டீச்சர் தமிழாசிரியராக இருந்தவர், லுத்தரன். பாலக்கரையில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, ரோமன் கத்தோலிக்கர். தம்பி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். அப்புறம் சிஸ்டர். நம் ஊரில் சிஸ்டர் என்றால் நர்ஸாகவும் இருக்கலாம், சபையில் பக்கத்து பெஞ்சு அம்மாவாகவும் இருக்கலாம். இவர் நிஜமான கன்னியாஸ்திரி, எழுபதைத் தாண்டியவர். கடைசியாக நான்: திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டில் பிறந்து, வேலைக்காகத் திருச்சிக்கு வந்து இங்கேயே தங்கிப்போனவன். கத்தோலிக்கர் இருவரும் 'செபம்' என்பார்கள், நாங்கள் நால்வரும் 'ஜெபம்' என்போம். பேசாமல் இருக்கும்போது அந்தப் பிரச்சினை இல்லை.

நான் வளர்ந்த வீட்டில் ஜெபம் என்றால் சத்தம். இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். பாட்டு, வேதவாசிப்பு, பிறகு ஆளுக்கொரு ஜெபம். சபையில் உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம், சங்கிலி ஜெபம். 'தியானம்' என்ற சொல்கூட எங்களிடம் பேச்சாகிவிட்டது. "இன்றைய தியானத்தை ஐயா வழங்குவார்" என்றால் போதகர் ஐயா பத்து நிமிடம் பிரசங்கம் செய்யப்போகிறார் என்று அர்த்தம். ஆராதனையில் மௌனமாயிருக்கச் சொல்கிற இடமும் உண்டு, இல்லாமல் இல்லை. ஐயா பக்கத்தைத் திருப்பி முடிக்கும்வரை அந்த மௌனம் நீடிக்கும்.

சத்தத்தை நான் குறை சொல்லவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் குரலெடுத்து ஜெபிக்கும்போது, யாருக்கும் கேட்காமல் நாம் அழுதுகொள்ள முடியும். அது ஒரு பெரிய வசதி. ஆனால் அதற்குள் ஒரு தராசும் இருக்கிறது. "அவங்க நல்லா ஜெபிப்பாங்க" என்று சிலரைச் சொல்வோம். அப்படியென்றால் தடுமாறாமல், வசனத்தை இடையிடையே கோத்து, குரலைச் சரியான இடத்தில் தாழ்த்தி ஜெபிப்பார்கள் என்று பொருள். நான் அந்தப் பட்டியலில் இருந்தேன். கல்யாண வீடு, புதுமனை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும், "நீங்க ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க" என்பார்கள்.

அப்படித்தான் ஒரு நாள், விபத்தில் இறந்துபோன ஒரு பையனின் வீட்டில் ஜெபிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். சொற்கள் வழக்கம்போல வரிசையாக வந்தன. அந்தத் தாய் விம்மும் சத்தம் கேட்டது, பின்னால் பலர் "ஆமென்" என்றார்கள். என் வாய் ஜெபித்துக்கொண்டிருக்க, மனசோ வண்டிச் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டோமா என்று தேடிக்கொண்டிருந்தது. சாவி சட்டைப்பையில்தான் இருந்தது. கையை விட்டுப் பார்த்துவிட்டு அப்புறம்தான் 'ஆமென்' சொன்னேன். யாரும் கவனிக்கவில்லை. வெளியே வரும்போது ஒருவர் என் கையைப் பிடித்து, "ரொம்ப ஆறுதலா இருந்துச்சு" என்றார்.

அதற்குப் பிறகு ஜெபிக்க எழுந்தாலே அந்தச் சாவி ஞாபகம் வந்தது. மத்தேயு ஆறில், கதவைப் பூட்டச் சொன்னதற்கு அடுத்த வசனத்திலேயே ஒரு சொல் இருக்கிறது: "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்." சிறு வயதிலிருந்து படித்த வசனம்தான். அலப்புதல் என்ற சொல் முதல் முறையாக என்னைப் பார்த்துச் சொல்லப்பட்டதுபோல இருந்தது.

சிஸ்டரை ஒரு பொது நிகழ்ச்சியில்தான் சந்தித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ஒரு ஆறு பேர் சேருங்க, சும்மா உக்காரலாம்" என்றார்.

இந்தச் சும்மா உட்காருதல் கிறிஸ்தவத்துக்குப் புதிதல்ல என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். நாலாம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்துக்குப் போன துறவிகளிடமிருந்து தொடங்குகிறது. அவர்களோடு சில காலம் வாழ்ந்து, பிறகு மேற்கே போய் அந்த அனுபவத்தை எழுதி வைத்தவர் ஜான் காசியன். ஒரே ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு இரவும் பகலும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேயிருக்கச் சொல்கிறார் அவர். நம் வேதாகமத்தில் 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் அது: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." பதினாலாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பெயர் தெரியாத ஒருவர் இன்னும் சுருக்கினார். ஒரு வசனம்கூட வேண்டாம், ஒரே அசையில் ஒரு சொல் போதும், அதைக் கேடயமாகவும் ஈட்டியாகவும் வைத்துக்கொள் என்றார்.

அப்புறம் நெடுங்காலம் இது மடங்களின் மதில்களுக்குள்ளேயே கிடந்தது. 1970-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பென்சர் என்ற ஊரில் இருந்த, ட்ராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் மடத்துக் கதவை இளைஞர்கள் சிலர் தட்டினார்களாம். எதற்கு? அந்தப் பக்கம் பௌத்த தியான மையம் ஒன்று இருக்கிறதே, அதற்கு வழி கேட்க. மடத்தின் தலைவர் தாமஸ் கீட்டிங்குக்கு அது உறைத்தது. நம் வீட்டுப் பரணில் இருப்பது நம் பிள்ளைகளுக்கே தெரியவில்லையே! அவரும், அதே மடத்தைச் சேர்ந்த வில்லியம் மெனிங்கர், பேசில் பென்னிங்டன் என்ற இருவரும் சேர்ந்து, அந்தப் பெயர் தெரியாத ஆங்கிலேயரின் வழியைச் சாதாரண மக்களும் செய்யும்படி அமைத்தார்கள். இன்று 'சென்டரிங் பிரேயர்' என்று சொல்வது அதைத்தான். ஒரு சொல்லைத் தேர்ந்துகொள், அமர்ந்திரு, எண்ணம் இழுத்துக்கொண்டு போனால் அந்தச் சொல்லால் மெல்லத் திரும்பி வா. காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது.

எனக்கு நெருக்கமாகப்பட்டது இன்னொருவரின் கதை. ஜான் மெய்ன் 1950-களில் மலாயாவில் பிரிட்டிஷ் அரசுப் பணியில் இருந்தவர். கோலாலம்பூரில் சுவாமி சத்தியானந்தாவை வேலை விஷயமாகப் பார்க்கப் போனவர், அவரிடமே தியானம் கற்றுக்கொண்டார். நீ கிறிஸ்தவன், உனக்குக் கிறிஸ்தவ மந்திரம்தான் வேண்டும் என்பது சுவாமியின் நிலை. பிறகு மெய்ன் லண்டனில் பெனடிக்டின் என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்தபோது, இந்தப் பழக்கத்தை விட்டுவிடச் சொன்னார்கள். விட்டுவிட்டார். பல ஆண்டுகள் கழித்து காசியனைப் படிக்கும்போது, எதை விடச் சொன்னார்களோ அது தம் சொந்த மரபிலேயே இருப்பதைக் கண்டார். 1975-இல் லண்டன் ஈலிங் மடத்தில் சிறு குழுக்களைத் தொடங்கினார். அவர் கொடுத்த சொல் 'மாரநாதா', அரமேய மொழியில் 'ஆண்டவரே வாரும்'. நம் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை, ஆட்டோ முதுகில் பாதி அதுதான். மா-ர-நா-தா என்று நாலு அசையாக, ஒரே சீராக, ஆரம்பத்திலிருந்து முடியும்வரை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மெய்ன் வழி. கீட்டிங் வழியிலோ தேவைப்படும்போது மட்டும் சொன்னால் போதும். இந்த வித்தியாசத்தை வைத்து நாங்கள் ஒரு சனிக்கிழமை முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம், மௌனத்தைப் பற்றி மிகவும் சத்தமாக.

ஆளுக்கொரு சொல் தேர்ந்த நாள் இன்னும் வேடிக்கை. ஒரே அசையில் சொல் வேண்டும் என்றதும் டீச்சருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஓரெழுத்தொருமொழி! நன்னூல்ல நாற்பத்திரண்டு இருக்கு. இங்கிலீஷ்காரனுக்கு இந்த வசதி உண்டா?" என்று ஆ, ஈ, கோ, தீ, பூ, வா, நீ என்று அடுக்கினார். 'கோ' என்றால் அரசன், அவருக்கு அது பிடித்துப்போனது. அக்கா 'வா' என்றார். பொன்மலை அண்ணன் அதிர்ந்துபோனார். "ஆண்டவரைப் போயி வான்னா கூப்பிடறது? வாரும்னு சொல்லும்மா." அக்கா, "எங்க வீட்டுக்காரரையே நான் வான்னுதான் கூப்பிட்டேன் அண்ணே" என்றார். அண்ணன் பதில் சொல்லவில்லை. அக்காவின் கணவர் இறந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

நான் 'அப்பா' என்பதை எடுத்துக்கொண்டேன். இயேசு ஜெபித்த அரமேயச் சொல் அப்படியே நம் வீட்டுச் சொல்லாக அமைந்திருப்பது தமிழருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்று கொஞ்சம் பெருமையாக விளக்கவும் செய்தேன். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே, "எங்க வீட்ல அப்பான்னா எட்டு மணிக்கு மேல கதவைத் தட்டற சத்தம்ணே. எனக்கு ஒத்துவராது" என்றான். குடிகாரத் தகப்பனோடு வளர்ந்தவன். அவன் எந்தச் சொல்லும் எடுக்கவில்லை, மூச்சை மட்டும் கவனிப்பதாகச் சொன்னான். சிஸ்டர் சரி என்றார்.

இருபது நிமிடம் என்பது எங்களுக்குப் பெரிய மலை. ஐந்து நிமிடத்துக்கு இறங்கி, மூன்று மாதத்தில் மெல்ல ஏறினோம். முதலில் கைப்பேசி அலாரம் வைத்துப் பார்த்தோம். தம்பியின் அலாரம் குத்துப்பாட்டாக அலறியதில் டீச்சருக்கு நெஞ்சு படபடத்துவிட்டது. பழையபடி தம்ளரும் ஸ்பூனும் வந்தன. எண்ணங்கள் ஓயவே மாட்டேனென்கின்றன என்று நான் புலம்பியபோது சிஸ்டர் கீட்டிங்கைப் பற்றிய ஒரு கதையைச் சொன்னார். ஒரு கன்னியாஸ்திரி அவரிடம், "இருபது நிமிடத்தில் பத்தாயிரம் எண்ணம் வந்தது, நான் தோற்றுப்போனேன்" என்றாராம். "அடடா, கடவுளிடம் திரும்பிவர உனக்குப் பத்தாயிரம் வாய்ப்பு!" என்றாராம் அவர்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் வேறு முறை, 'லெக்சியோ திவினா'. ஒரு சிறு வேதபகுதியை வெவ்வேறு குரலில் மூன்று நான்கு தடவை மெதுவாக வாசிப்பது, ஒவ்வொரு வாசிப்புக்குப் பின்னும் அமைதி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற கார்த்தூசிய சபைத் துறவி இதை நாலு படி கொண்ட ஏணியாக வகுத்தார். வாசிப்பது வாயில் உணவை வைப்பது, சிந்திப்பது மெல்லுவது, ஜெபிப்பது அதன் ருசியைப் பிழிவது, கடைசிப் படியான தியானம் அந்த இனிப்பேதான். நாம் 'அசைபோடுதல்' என்கிறோமே, மாடு செய்வது, அந்தப் பழைய துறவிகளும் அதே சொல்லைத்தான் புழங்கினார்கள்.

இதில் எங்கள் சிக்கல், புராட்டஸ்டன்ட்காரர்களால் ஒரு வசனத்தைச் சும்மா விட முடியாது. முதல் தடவை, மனதைத் தொட்ட ஒரு சொல்லை மட்டும் சொல்லுங்கள் என்றால், பொன்மலை அண்ணன், "இந்த வசனத்தின் மூலமாகக் கர்த்தர் நமக்கு மூன்று காரியங்களைச் சொல்லுகிறார்" என்று ஆரம்பித்தார். சிஸ்டர் கையைத் தூக்கி, "ஒண்ணு போதும் அண்ணே. மீதி ரெண்டை வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்றார்.

ஒரு நாள் 131-ஆம் சங்கீதம். மூன்றே வசனம். "தாயின் பாலை மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்." நான் அதை எப்போதும் பச்சைக் குழந்தை தாய்மடியில் தூங்கும் படமாகத்தான் நினைத்துவந்திருக்கிறேன். மூன்றாம் வாசிப்புக்குப் பிறகு அக்கா பேசினார். பேசவே மாட்டார், பொது ஜெபத்தில் அவர் குரலை ஒருவரும் கேட்டதில்லை. "பால் குடிக்கிற பிள்ளை மடியில சும்மா இருக்காது. முகத்தை முட்டிக்கிட்டே இருக்கும், சேலையை இழுக்கும். வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்க வச்சோம்னா ஒரு வாரம் வீடே ரெண்டுபடும், அப்படி அழுவும். அப்புறம் ஒரு நாள் தானா வந்து மடியில ஏறி உக்காரும். பாலுக்கு இல்ல. சும்மா."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், சிலதைச் செய்துமிருக்கிறேன். அந்தச் சங்கீதத்தில் ஒரு வார அழுகையும் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

'சும்மா' என்ற சொல்லை டீச்சர் பிடித்துக்கொண்டார். படியிறங்கும்போது தாயுமானவரைச் சொன்னார். மதயானையை வசமாக்கலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம், ஆனால் "சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறம் அரிது" என்று பாடியவர், இதே திருச்சியில் நாயக்கர் அரண்மனையில் கணக்குப் பார்த்தவர். அவர் கடவுளை அழைத்த 'பராபரம்' என்ற சொல்லின் உறவுதான், பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரிசியஸ் என்ற ஜெர்மன் மிஷனரி தம் தமிழ் வேதாகமத்தில் கடவுளுக்கு வைத்த 'பராபரன்'. டீச்சர் வீட்டுப் பழைய வேதாகமத்தில் 'தேவன்' கிடையாது, பராபரன்தானாம்.

இதெல்லாம் எல்லாருக்கும் பிடிக்கவில்லை. ஏழாவதாக ஒருவர் மூன்று வாரம் வந்தார். நாலாவது வாரம் போனில், "எங்க பாஸ்டர் வேண்டாம்னு சொல்றாரு. மந்திரம் மாதிரி இருக்குங்கறாரு. மனசைக் காலியா வச்சா வேற ஏதாவது வந்து உக்காந்துக்குமாம்" என்றார். அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். கத்தோலிக்கத் திருச்சபையே 1989-இல், தியான முறைகளைப் பற்றி எச்சரித்து ஒரு மடல் வெளியிட்டது. ஜென், யோகா போன்ற வழிகளில் நல்லதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் உடம்பில் வரும் ஓர் இதமான உணர்வைப் பரிசுத்த ஆவியின் வேலை என்று எண்ணிவிடாதே என்கிறது. எனக்கு அது நல்ல எச்சரிக்கையாகவே படுகிறது. ஆனால் மனசைக் காலியாக வைத்திருக்கிறோம் என்ற குற்றச்சாட்டுக்குத்தான் நாங்கள் தகுதியானவர்கள் இல்லை. அவ்வளவு தூரம் யாரும் போகவில்லை.

மௌனத்தில் வேறோர் ஆபத்து இருக்கிறது, அதை அந்த பாஸ்டர் சொல்லவில்லை. இரண்டாம் மாதத்தில் ஒரு நாள் அக்கா பாதியில் எழுந்து வேகமாகக் கீழே போனார். சமையலறையில் என் மனைவியோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், கை நடுங்கிக்கொண்டிருந்தது. கண்ணை மூடினால் கணவர் இறந்த இரவின் ஆஸ்பத்திரி வராந்தா திரும்பத் திரும்ப வருகிறதாம். நான் ஏதோ, அதையும் ஆண்டவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சிஸ்டர் என்னை நிறுத்தினார். "இப்ப வேண்டாம்மா. கண்ணைத் திறந்து வச்சுக்கோ, செபமாலையைக் கையில பிடிச்சுக்கோ, மெழுகுவத்தியைப் பாரு. அதுவும் முடியலையா, கீழ வந்து வெங்காயம் உரி." அதோடு நிற்காமல், அந்த வாரமே ஒரு மனநல ஆலோசகரிடம் கூட்டிப்போனார். அன்றிலிருந்து அக்கா செபமாலையோடுதான் உட்காருகிறார். மணி நகரும்போது மெல்லிய ஒரு சத்தம் கேட்கும். இப்போது அது இல்லாவிட்டால் எனக்கு ஓடாது.

ஒரு வருடம் முடிந்ததும் சாந்திவனத்துக்குப் போனோம். கரூர் சாலையில் குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்பள்ளி, காவிரிக்கரை. மோன்ஷனேன், லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருமார் 1950-இல் காவி உடுத்தித் தொடங்கிய ஆசிரமம். லெ சோ அதற்கு முந்தைய ஆண்டு திருவண்ணாமலையில் ரமணரைப் பார்த்து உலுக்கப்பட்டவர், பிற்பாடு அபிஷிக்தானந்தா என்று அறியப்பட்டார். அவர்கள் காலத்தில் நிலைத்து நின்ற சீடர்கள் என்று யாரும் அமையவில்லை. மோன்ஷனேன் 1957-இல் இறந்தார், லெ சோ வடக்கே இமயமலைப் பக்கம் போய்விட்டார். 1968-இல் கேரளத்திலிருந்து வந்த பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி கையில்தான் அது உலகம் தேடிவரும் இடமாயிற்று. 1993-இல் அவர் இறந்ததும் அங்கேதான்.

கோயில் வாசலின் கோபுரத்தில், திரித்துவத்துக்கு அடையாளமாக மூன்று முகம் கொண்ட ஓர் உருவம். பொன்மலை அண்ணன் அதன்முன் நெடுநேரம் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "உடம்பு ஒண்ணுதான் வச்சிருக்கான்" என்று மட்டும் சொன்னார். அங்கே காலை வழிபாட்டில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. மாலையில் தட்டு வந்தபோது அக்கா இட்டுக்கொண்டார், சிஸ்டரும். அண்ணன் மரியாதையாகக் கும்பிட்டுத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நான் இட்டுக்கொண்டேன், பெருந்தன்மையோடு. பிறகு பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, சபைக்காரர் யாராவது ஏறிவிட்டால் என்ன செய்வது என்று தோன்றி, கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். அண்ணன் பார்த்துவிட்டார். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் இருவரில் யார் நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வேறு முறைகளும் செய்து பார்த்தோம். படுக்கப்போகுமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும், இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரின் ஆய்வு டீச்சருக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்" என்ற கிழக்கத்தியத் திருச்சபைகளின் இயேசு ஜெபத்தைத் தம்பி எடுத்துக்கொண்டான், மூச்சு உள்ளே போகும்போது பாதி, வெளியே வரும்போது பாதி. பழைய ரஷ்ய யாத்திரிகன் ஒருவன் இதை ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் தடவை சொன்னதாக ஒரு புத்தகம் உண்டு. தம்பி ஆன்லைன் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டுச் சொல்கிறானாம்.

சரி, மனைவியின் கேள்விக்கு வருகிறேன். தனியாக உட்கார்ந்தால் நான் ஆறாவது நிமிடத்தில் எழுந்துவிடுவேன். மோட்டார் போட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் போட வேண்டியிருப்பதாகத் தோன்றும். ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது எழ முடியாது, வெட்கம். இதுதான் முதல் பதில், அவ்வளவு உயர்ந்த பதில் இல்லைதான். இன்னொன்றைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அந்த அறையில் யார் நன்றாக ஜெபிக்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியே இல்லை. வாழ்நாள் முழுக்க அந்தத் தராசில் ஏறி நின்றவனுக்கு, அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் எடையே இல்லாமல் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. தனியறையில் அது கிடைக்காது. அங்கே நானே எனக்குக் கூட்டம். இதை மனைவியிடம் சொன்னபோது, "அப்ப பெட்ரோல் செலவு பரவாயில்ல" என்றாள். ஆனால் இன்னும் மாடிக்கு வரவில்லை.

போன மாதம் பொன்மலை அண்ணனுக்கு பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. சாதாரண வார்டுக்கு மாற்றிய மறுநாள், பார்வையாளர் நேரத்தில் நாங்கள் ஐந்து பேரும் போனோம். அண்ணன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பேச்சு மெதுவாகத்தான் வந்தது. எங்களைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். எங்களுக்குப் புரிந்தது. நாங்களும் கட்டிலைச் சுற்றி, நின்றவர் நின்றபடியே அமைதியானோம். ட்ராலிச் சத்தம், பக்கத்துக் கட்டில் இருமல், அக்காவின் செபமாலை. பத்து நிமிடம் இருக்கும். நன்றாக இருந்தது. நான் சிஸ்டரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கிளம்பத் திரும்பினேன்.

அண்ணனுடைய மனைவி வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். முகம் விழுந்திருந்தது. "என்ன தம்பி, இவ்வளவு தூரம் வந்துட்டு ஜெபம் பண்ணாமப் போறீங்க?"

ஜெபித்துவிட்டோம் மதினி என்று சொல்லலாம். சிஸ்டர் என்னைப் பார்த்தார், நான் டீச்சரைப் பார்த்தேன். அந்த அம்மா ஏற்கெனவே சேலைத் தலைப்பை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டு நின்றார்.

கண்ணை மூடினேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு வாய்விட்டு ஜெபித்தேன். எதுவும் மறந்துபோயிருக்கவில்லை. "அன்பும் இரக்கமுமுள்ள எங்கள் பரமபிதாவே" என்று ஆரம்பித்து, மருத்துவர்களுக்காக, செவிலியர்களுக்காக, தையல் ஆறுவதற்காக, பிள்ளைகளின் வேலைக்காக, கொடுக்கும் மாத்திரைகளை ஆசீர்வதிப்பதற்காக, பக்கத்துக் கட்டில்காரருக்காக. குரல் தானாகவே ஏறவேண்டிய இடத்தில் ஏறியது. நிச்சயமாக அலப்பினேன். மதினி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆமா ஆண்டவரே, ஆமா ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டிருந்தார், நடுவில் அழ ஆரம்பித்தார், அழட்டும் என்று நானும் இன்னும் கொஞ்சம் நீட்டினேன். சாவி ஞாபகம் வரவில்லை. வந்தது, ஆனால் கையை விட்டுப் பார்க்கவில்லை.

எங்கே முடிப்பது என்று தெரியாமல் இன்னொரு வசனத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, டங் என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தேன். பொன்மலை அண்ணன், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஹார்லிக்ஸ் தம்ளரைத் தட்டிவிட்டு, ஸ்பூனைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.